மலேரியா ஒட்டுண்ணி ஊருக்கு ஊர் மாறுவது ஏன்? – கேள்வி பதில்

கார்த்திக்: மலேரியா எங்கும் ஒன்றுதானே? இடத்துக்கு இடம் ஒட்டுண்ணி வேறு என்கிறார்களே?

பால்சிபாரம் என்ற இனம் ஒன்றுதான். ஆனால் நம் எதிர்ப்புச் சக்தி அடையாளம் காணும் புரதங்கள், அதாவது ஆன்டிஜென்கள், ஒரே அச்சில் வார்த்தவை அல்ல. மாலி நாட்டின் பண்டியாகரா ஊரில் மட்டும் 506 தொற்றுகளில் ஏஎம்ஏ-1 என்ற புரதத்தின் மரபணுவைப் படித்தார்கள். 214 வடிவங்கள் கிடைத்தன. ஒரு குழந்தையின் ரத்தத்தில் இரண்டு மூன்று ரகங்கள் இருக்கலாம். கொசு அதைக் குடித்தால் அதன் வயிற்றில் அவை கலந்து புது ரகம் பிறக்கும். நோய் அதிகம் பரவும் ஆப்பிரிக்கப் பகுதிகளில் இது ஓயாமல் நடக்கிறது.

செல்வி: நான் நர்ஸ். மலேரியாவைச் சட்டென்று கண்டறியும் ரத்தப் பரிசோதனை கிட் நெகட்டிவ் என்றால் நம்பலாமா?

கிட் எதைத் தேடுகிறது என்று அட்டையில் பாருங்கள்மா. பெரும்பாலானவை ஹெச்ஆர்பி-2 புரதத்தைத் தேடும். பெருவின் அமேசான் பகுதியில் அந்த மரபணுவே இல்லாத ஒட்டுண்ணிகள் இருப்பது 2010-இல் வெளிவந்தது. அப்புறம் எரித்ரியாவிலும் அதே கதை: கிட் நெகட்டிவ், மைக்ரோஸ்கோப்பில் ஒட்டுண்ணி. அந்த நாடு 2016-இல் கிட்டையே மாற்றியது. இப்படித் தப்பும் நோயாளிகள் 5 சதவீதத்தைத் தாண்டினால் மாற்றுங்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். காய்ச்சல் நிற்கவில்லை, கிட் நெகட்டிவ் என்றால் ஸ்லைடு, அதாவது ரத்தத் துளியை மைக்ரோஸ்கோப்பில், பார்க்கச் சொல்லுங்கள்.

முருகன்: மலேரியா தடுப்பூசி சென்னைக்கு வருமா?

இப்போதுள்ள இரண்டு தடுப்பூசிகளும் பால்சிபாரத்துக்கானவை. சென்னையில் பெரும்பாலும் வைவாக்ஸ் என்ற வேறு மலேரியா இனம்.

ரவி: மாலியில் போட்ட ஏஎம்ஏ-1 தடுப்பூசி 17.4 சதவீதம்தான் காத்தது. தோல்விதானே?

அதே ஆய்வின் அடுத்த எண்ணையும் சொல்லுங்கள் சார். தடுப்பூசி 3டி7 என்ற ஒரே ரகத்தை வைத்துச் செய்தது. புரதத்தின் முக்கியமான எட்டு இடங்களில் அந்த ரகத்தோடு ஒத்துப்போன ஒட்டுண்ணிகளுக்கு எதிராக 64.3 சதவீதம் காத்தது. ஊசி வேலை செய்தது; அந்த ஊரில் ஓடும் ரகங்களில் பெரும்பாலானவை வேறு.

ரவி: அப்படியானால் எல்லா ரகத்தையும் ஒரே ஊசியில் கலந்துவிடலாமே?

214-ஐயுமா? எந்த மாற்றம் எதிர்ப்புச் சக்தியை ஏமாற்றுகிறது, எது வெறும் எழுத்துப் பிழை என்று பிரித்தறிய வேண்டும். அதுதான் உண்மையான வேலை, அது அந்தந்த ஊர் ரத்தத்தில்தான் நடக்க வேண்டும்.

மீனா: ரவி தோல்வி என்றது சரிதானே? ஆர்டிஎஸ்,எஸ் என்ற மலேரியா தடுப்பூசிக்கும் இதே கதிதான்.

கதி என்று சொல்லாதீர்கள். அதுவும் 3டி7 ரகத்தைத்தான் வைத்துச் செய்தது. 5 முதல் 17 மாதக் குழந்தைகளில் முதல் வருடம், ஒத்த ரகத்துக்கு எதிராக 50.3 சதவீதம் காத்தது, ஒத்துப்போகாததற்கு எதிராக 33.4. குறைகிறது, பூஜ்யம் ஆகவில்லை. ஆப்பிரிக்கக் குழந்தைகளுக்கு அந்த 33-உம் உயிர். 2021-இல் உலக சுகாதார நிறுவனம் அதைப் பரிந்துரைத்தது சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.

சங்கர்: கிட் நெகட்டிவ், நம்பலாமா?

செல்விக்கு எழுதியதைப் படியுங்கள். ஸ்லைடு.

அனிதா: எந்தக் கொசுவத்தி நல்லது?

அது என் துறை இல்லை.

பாலு: குணமான பிறகும் கிட் பாசிட்டிவ். மறுபடி மருந்தா?

ஹெச்ஆர்பி-2 ஒட்டுண்ணி செத்த பிறகும் சில வாரங்கள் ரத்தத்தில் தங்கும். கிட்டில் தெரியும் பாசிட்டிவ் கோட்டை மட்டும் வைத்து மருந்தைத் தொடங்காதீர்கள் தம்பி. டாக்டரிடம் ஸ்லைடு எடுக்கச் சொல்லுங்கள்.