நீள்வதா, தடிப்பதா?

கேள்வி: ஜிப்ரலின் என்ற தாவர ஹார்மோனைத் தெளித்த செடி நெடுநெடுவென உயர்கிறது, எத்திலீன் வாயு பட்ட பட்டாணி முளையோ குட்டையாகித் தடிக்கிறது. செல்லின் உள்சட்டகத்துக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

பதில்: நெருங்கிய தொடர்பு உண்டு. ஆனால் ‘சட்டகம்’ என்றதும் எலும்புக்கூட்டை நினைத்துவிடக் கூடாது. தாவரச் செல்லை விறைப்பாக நிறுத்துபவை வெளிச்சுவரும் உள்ளே நிறைந்த நீரின் அழுத்தமுமே. செல்சவ்வின் உட்புறத்தை ஒட்டி, சுமார் 25 நானோமீட்டர் விட்டத்தில் டியூபுலின் புரதத்தாலான நுண்குழல்கள் அணிவகுத்திருக்கின்றன. நாம் இங்கே பேசும் உள்சட்டகம் இவைதான். சவ்வில் பதிந்த நொதிகள் இக்குழல்களையே தடமாகப் பற்றி நகர்ந்தபடி சுவருக்கான செல்லுலோஸ் இழைகளை நூற்கின்றன.

1962இல் பால் கிரீன் என்ற ஆய்வாளர், செல் பிரியும்போது தோன்றும் கதிர் இழைகளைக் குலைக்கும் கோல்கிசின் என்ற நச்சை நைட்டெல்லா பாசிக்குக் கொடுத்தபோது அதன் செல்கள் நீளாமல் உப்பியதைக் கண்டு, இழைகளை ஒழுங்குபடுத்தும் நுண்ணிய அமைப்பொன்று உள்ளே இருக்க வேண்டும் என்று ஊகித்தார். மறு ஆண்டே லெட்பெட்டரும் போர்ட்டரும் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் நுண்குழல்களைக் கண்டார்கள். கண்ணால் காணும் முன்பே தர்க்கத்தால் எட்டிய இந்த ஊகம் என்னை இன்றும் வியக்கவைக்கிறது.

நீரின் அழுத்தம் எல்லாப் பக்கமும் ஒன்றுபோலவே தள்ளுகிறது. இழைகள் பீப்பாயின் இரும்பு வளையங்களைப்போலக் குறுக்காகச் சுற்றியிருந்தால், செல் பக்கவாட்டில் விரிய வழியின்றி நீள்கிறது. ஜிப்ரலின் நுண்குழல்களைக் குறுக்குவாட்டில் நிறுத்த உதவுகிறது. எத்திலீன் அவற்றை நெடுக்குவாட்டில் திருப்பிவிடுவதால் செல் பருக்கிறது. ஜிப்ரலின் இல்லாதபோது டெல்லா எனப்படும் புரதங்கள், டியூபுலின் சரியாக மடிய உதவும் பிரிஃபோல்டினை உட்கருவுக்குள் பிடித்து வைத்துக்கொள்வதால், குழல் கட்டுவதற்கான பொருளே குறைகிறது. ஜிப்ரலின் வந்ததும் டெல்லா சிதைக்கப்பட்டு, பிரிஃபோல்டின் தன் வேலைக்குத் திரும்புகிறது.

கேள்வி: ஆக்சின் என்ற வளர்ச்சி ஹார்மோனும் இப்படித்தான் செயல்படுகிறதா?

பதில்: இடத்துக்கு இடம் மாறும். முளைக்குருத்தின் செல்களில் ஆக்சின் குழல்களைக் குறுக்காக்கி நீட்சியைத் தூண்டுகிறது. வேரிலோ, குழல்கள் நெடுக்காகத் திரும்ப, வளர்ச்சி தடைபடுகிறது. ஆனால் ஆக்சின் பட்ட ஒரு நிமிடத்துக்குள்ளேயே வேரின் நீட்சி குறைந்துவிடுகிறது. குழல்கள் அதன் பிறகே திரும்புகின்றன. ஆகவே குழல்கள் திரும்புவதை எல்லா இடத்திலும் காரணம் என்று கொள்ள முடியாது. வேரில் அது விளைவாகவே தோன்றுகிறது.