பழைய டீசல் வானும் வெப்ப சுவிச்சும்: கேள்வி பதில்

மார்கழிப் பனி விழத் தொடங்கினால், குளிர்ந்த டீசல் எஞ்சினை ஸ்ராட் பண்ண முன் உள்ளே சூடாக்கும் ஹீற்றர் பிளக் பற்றிய கேள்விகளும் வந்துவிடும். இம்முறை வந்தவற்றில் சில.

மல்லாவியிலிருந்து ஒரு தம்பி: அண்ணை, என்னுடைய பழைய ஹையேஸ் காலையில் லேசில் ஸ்ராட் ஆகாது. திறப்பைப் போட்டதும் ஹீற்றர் லைற் மின்னி அணைந்துவிடுகிறது. நான்கு பிளக்கும் புதிது.

பிளக்கை விடுங்கள் தம்பி, தண்ணீர் சூட்டைப் பார்க்கும் சென்சரில்தான் எனக்குச் சந்தேகம். சூடு ஏற ஏற அதன் தடை குறையும். உள்ளே ஷோர்ட் ஆனாலோ, வயர் உரசி வானின் இரும்பு உடம்பில் முட்டினாலோ, குளிர்ந்து கிடக்கும் எஞ்சினையும் சூடானது என்று எடுத்து, பிளக்குக்குக் கரண்ட் விடும் ரைமர் அதை வெட்டிவிடும்.

ஆனால் லைற்றை மட்டும் நம்பாதீர்கள். லைற் அணைந்த பிறகும் பிளக்குக்குக் கரண்ட் போகிற வாகனங்கள் உண்டு. பிளக்குகளை இணைக்கும் தகட்டில் மீற்றரை வைத்து, கரண்ட் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பாருங்கள். உடனே வெட்டினால், இரவு முழுக்க நின்ற எஞ்சினில் சென்சரின் கனெக்ரரைக் கழற்றித் தடையை அளவுங்கள். ஜப்பான் சென்சர் என்றால் பொதுவாக 20 பாகை செல்சியஸில் 2 முதல் 3 கிலோ ஓம், 80 பாகையில் 200 முதல் 400 ஓம். குளிரிலேயே நூறு ஓமுக்குக் கீழே காட்டினால் சென்சர் போச்சு. அளவு சரியென்றால் வயரைத் தேடுங்கள், எலி கடித்திருக்கும். பக்கத்தில் ஒற்றை வயரோடு இருப்பது பெரும்பாலும் டாஷ்போர்ட் முள்ளுக்கு உரியது. அதை அளந்து குழம்ப வேண்டாம்.

புதுக்குடியிருப்பு: கராஜில் சென்சரையும் ரைமரையும் கழற்றிவிட்டு, அமத்திப் பிடிக்கிற சுவிச் ஒன்று போட்டுத் தந்தார்கள். பரவாயில்லையா?

ஓடும். எனக்குப் பிடிக்காது. நான்கு பிளக்கும் சேர்ந்து 40 அம்பியருக்கு மேல் இழுக்கும். நடுவில் ரிலே (பெரிய கரண்டைத் தாங்கும் இடைச் சுவிச்) இல்லையென்றால் சுவிச் உருகும். அதைவிட, சில பழைய எஞ்சின்களில் 6 வோல்ட் பிளக். அதற்கு 12 வோல்ட்டை நேரே கொடுத்து விரலை எடுக்காமல் இருந்தால் நுனி வீங்கி, பிறகு ஹெட்டைக் கழற்றாமல் பிளக் வெளியே வராது. பிளக்கின் உடம்பில் எத்தனை வோல்ட் என்று அடித்திருக்கும், பாருங்கள்.

நெடுங்கேணியிலிருந்து ஓர் அக்கா: புதுச் சென்டர் (முள்ளுக்குச் சூட்டைச் சொல்லும் சென்சர்) போட்டும் வெப்ப முள் எழும்பவில்லை.

மரையில் வெள்ளை ரேப் சுற்றினார்களா அக்கா? ஒற்றை வயர் சென்டருக்கு எஞ்சின் உடம்புதான் எர்த். ரேப் தடிப்பாகச் சுற்றினால் அது அறுந்துவிடும். திறப்பைப் போட்டு, வயரைக் கழற்றி ஒரு கணம் எஞ்சினில் தொடுங்கள். முள் மேலே போனால் முள்ளும் வயரும் நல்லது. இன்னொன்று: “சூடு ஏறாது” என்று எஞ்சின் சூடாகும்வரை தண்ணீரை றேடியேற்றருக்கு விடாமல் மறிக்கும் தெர்மோஸ்ரற்றையே கழற்றி எறிகிற பழக்கம் நம்மிடம் உண்டு. அப்புறம் ஏ9 வீதியில் காற்றடிக்க ஓடினால் முள் எங்கே எழும்பும்? டீசலும் கூடுதலாகக் குடிக்கும்.

மாங்குளம்: கழற்றிய வெப்ப சுவிச்சை (குறித்த சூட்டில் தானே மாறும் சுவிச்) வீட்டில் சோதிக்கலாமா?

ஒரு பேணியில் தண்ணீர் வைத்து, பித்தளைப் பகுதி மட்டும் முங்கும்படி சுவிச்சைக் கம்பியில் தொங்கவிடுங்கள், அடியில் முட்டக்கூடாது. மீற்றரை மாட்டிச் சூடாக்குங்கள். உடம்பில் அடித்திருக்கும் பாகைக்குக் கிட்டவாக அது மாற வேண்டும். அந்தப் பாகை நூறுக்குக் கீழே இருந்து, கொதித்தும் மாறாவிட்டால் எறியுங்கள்.

முல்லைத்தீவு: றேடியேற்றருக்குக் கிணற்றுத் தண்ணீர்?

வழியில் வற்றினால் வேறென்ன செய்வது, ஊற்றுங்கள். வீடு வந்ததும் வடித்துவிட்டு, கூலன்ற்றை வடிநீரில் கலந்து விடுங்கள். நம் தண்ணீர் சென்சர் நுனியில் சுண்ணாம்பாகப் படியும். பிறகு சூடு அதற்குப் பிந்தித்தான் தெரியும்.