கேபர்னேவா, ஷிராஸா? பழத்தை வாங்கப்போவது யார் என்று முதலில் கேளுங்கள்

கேள்வி: ஒடுகத்தூர் பக்கம் எனக்கு ஒரு ஏக்கர் செம்மண் நிலமும் போர் தண்ணீரும் இருக்கிறது. ஒயின் திராட்சை போட்டால் நல்ல காசு என்று ஒருவர் அடிக்கடி வந்து சொல்கிறார். கேபர்னே சாவின்யோன் கன்று அவரே கொடுத்து, பழத்தையும் அவரே எடுத்துக்கொள்வாராம். என் மைத்துனரோ ஷிராஸ்தான் நல்லது என்கிறார். எதை நடலாம்?

பதில்: இந்த இரண்டில் ஒன்றைத்தான் நட்டாக வேண்டும் என்றால் ஷிராஸ். உங்கள் மைத்துனர் சொன்னது சரி. காரணம் நம் ஊர் வெயில்.

இரண்டுமே பிரான்சிலிருந்து வந்த கறுப்புத் திராட்சைகள். கேபர்னே தாமதமாகப் பழுக்கும். ஷிராஸ் அதைவிட ஏறக்குறைய இரண்டு வாரம் முந்தும். மகாராஷ்டிராவில் நாசிக் பக்கம் ஒயின் திராட்சை போடுகிறவருக்கு இது பெரிய விஷயமில்லை. செப்டம்பர், அக்டோபரில் கவாத்து செய்து பிப்ரவரி, மார்ச்சில் அறுத்துவிடுவார். பழத்தில் நிறம் ஏறும் நாட்களில் அங்கே ராத்திரி நல்ல குளிர். நாம் அக்டோபரில் கவாத்து செய்தால், தளிர் விடும் நேரத்தில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொள்ளும். அடிச்சாம்பல் நோய் இலையோடு நிற்காமல் பிஞ்சுக் கொத்தையும் கருக்கிவிடும். மழைக்குப் பயந்து டிசம்பர் நடுவில் கவாத்து செய்தால், கேபர்னே பழுக்க மே மாதம் ஆகிவிடும். வேலூரில் கத்திரி வெயில் எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தச் சூட்டில் பழத்தில் சர்க்கரை விறுவிறுவென்று ஏறும், புளிப்பு இறங்கிவிடும், தோலில் நிறம் பிடிக்காது. அப்படிப்பட்ட பழத்தை ஒயின் ஆலை விரும்பி வாங்காது. ஷிராஸ் ஏப்ரல் கடைசியில், கத்திரிக்கு முன்னாலேயே கைக்கு வந்துவிடும்.

அதற்கும் ஒரு குறை உண்டு. பழுத்த பிறகு கொடியிலேயே விட்டால் சுருங்கி எடை குறையும். லாரி நான்கு நாள் தாமதமாக வந்தால் அந்த எடை நஷ்டம் உங்கள் தலையில்தான் விழும். கேபர்னேவுக்குத் தோல் கெட்டி, கொஞ்சம் காத்திருக்கும். ருசி, மணம் எல்லாம் ஒயின் தயாரிப்பவரின் கவலை, அதில் நீங்கள் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

நீங்கள் கேட்காத ஒன்றுதான் எனக்குக் கவலையாக இருக்கிறது: உங்களிடம் வந்துபோகும் அந்த மனிதர்.

ஒயின் திராட்சை தின்கிற திராட்சை இல்லை. மணி சின்னது, தோல் தடிப்பு, வாயில் போட்டால் பாதி விதைதான். ஆலைக்காரர் கைவிட்டால் வேலூர் நேதாஜி மார்க்கெட்டில் கொண்டுபோய்க் கொட்டினாலும் யாரும் வாங்க மாட்டார்கள். கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர் திராட்சை போடுகிறவருக்கு ஒரு வியாபாரி ஓடிப்போனால் இன்னொரு வியாபாரி இருக்கிறார். உங்களுக்கு அந்த வழியே கிடையாது. நாமே பிழிந்து விற்றுக்கொள்ளலாம் என்ற யோசனையும் வேண்டாம். உரிமம் இல்லாமல் ஒயின் தயாரித்து விற்பது மதுவிலக்குச் சட்டப்படி குற்றம்.

இப்படி வருகிறவர்களில் பலருக்கு லாபம் கன்று விற்பதோடு முடிந்துவிடுகிறது. கன்றுக்கும் கம்பி, கல்தூணுக்கும் பணம் வாங்கியதும் அவர் வேலை தீர்ந்தது. நல்ல விளைச்சல் பார்க்க மூன்றாவது வருடம் ஆகும். அதற்குள் போன் நம்பர் மாறியிருக்கும். ஆகவே அவரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: எந்த ஆலை வாங்கப்போகிறது? அந்த ஆலையின் ஆளே நேரில் வந்து உங்கள் நிலத்தைப் பார்க்க வேண்டும், ஆலையே கையெழுத்துப் போட வேண்டும். புரோக்கர் கையெழுத்து செல்லாக்காசு. ஒப்பந்தப் பண்ணையத்துக்கென்று தமிழ்நாட்டில் 2019-லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. விலையை முன்கூட்டியே பேசி, எழுத்தில் போட்டு, பதிவு செய்ய வேண்டும். பதிவு என்றதும் பேச்சை மாற்றுகிறாரா என்று பாருங்கள். பதிவு செய்ய நீங்கள் போகும் அலுவலகத்திலும் "அப்படி ஒரு சட்டமா?" என்று கேட்கலாம். என்னையே ஒரு அலுவலகத்தில் அப்படிக் கேட்டு, மூன்று மேஜைக்கு அலையவிட்டார்கள். சட்டம் போட்டவர்கள் அதை விவசாயிக்குச் சொல்ல ஓர் ஆளைக்கூட உட்கார வைக்கவில்லை. இருந்தாலும் விடாதீர்கள், திரும்பத் திரும்பக் கேளுங்கள்.

கன்றிலும் ஏமாற்று உண்டு. இலை இல்லாத குச்சியாகக் கொடுத்தால் எந்த ரகம் என்று எனக்கே தெரியாது, உங்களுக்கு எப்படித் தெரியும்? இலை விட்ட கன்றாகக் கேளுங்கள். கேபர்னேயின் முதிர்ந்த இலையில் வெட்டுகள் ஆழமாக இருக்கும். மடல்களின் ஓரம் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்வதால், வெளிச்சத்தில் பிடித்தால் இலையில் ஓட்டை போட்ட மாதிரி வட்ட வட்டமாகத் தெரியும். ஷிராஸில் வெட்டு அவ்வளவு ஆழம் இல்லை. தளிர் நுனியில் வெள்ளையாகப் பஞ்சு படர்ந்திருக்கும். முதிர்ந்த இலையே அகலமாக, வெட்டு குறைவாக, அடிப்பக்கம் முழுக்க வெள்ளைப் பஞ்சோடு இருந்தால், அது பெரும்பாலும் பெங்களூர் ப்ளூ என்ற வேறு ரகமாக இருக்கும். வாங்காமல் திருப்பி அனுப்புங்கள். ஒட்டுக் கட்டிய கன்றா என்றும் தண்டின் அடியில் பாருங்கள். ஒட்டு இல்லாத கன்றுக்கு ஒட்டுக் கன்றின் விலை கொடுக்காதீர்கள்.

கேபர்னேவுக்கு நம் பக்கத்தில் இடமே இல்லையா என்றால், ஏலகிரி மாதிரி உயரத்தில் இருக்கலாம். கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்கு மேலே ராத்திரி குளிரும், நிறமும் புளிப்பும் நிற்கும். இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், "ஏலகிரியில் வருகிறதே, உங்கள் ஊரில் வராதா?" என்றுதான் புரோக்கர் ஆரம்பிப்பார். மலையின் மேலே இருப்பது வேறு, மலையடிவாரத்தில் இருப்பது வேறு. உங்கள் நிலத்திலிருந்து ஜவ்வாது மலை கண்ணுக்குத் தெரியலாம், அதனால் அந்தக் குளிர் உங்கள் கொடிக்கு இறங்கி வராது. மலைமேல் உறவினருக்கு நிலம் இருந்தாலும், மழையும் பனிமூட்டமும் அங்கே நோயைக் கூட்டும் என்பதைச் சொல்லிவிடுங்கள்.

இன்னும் நட ஆசை இருந்தால் ஒரு ஏக்கர் முழுக்க வேண்டாம், இருபது சென்ட் போதும். மீதியில் இப்போது என்ன போடுகிறீர்களோ அதையே போடுங்கள். அதற்கு முன்னால் போர் தண்ணீரை மோட்டார் ஓடவிட்டு அரை மணி நேரம் கழித்துச் சுத்தமான பாட்டிலில் பிடித்து, மண் பரிசோதனை நிலையத்தில் கொடுங்கள். உப்பு அதிகம் என்று வந்தால் டாக்ரிட்ஜ் போன்ற வேர்ச்செடியில் (ஒட்டுக்கு அடியில் வேராக இருக்கும் செடி) ஒட்டுக் கட்டிய கன்றுதான் தாங்கும். முடிவுத்தாள் கைக்கு வந்ததும் அதன் எண்களை எனக்கு எழுதுங்கள், எந்த வேர்ச்செடி என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன். அதுவரை அந்த மனிதருக்கு அட்வான்ஸ் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.