கவாஃபிஸ் என்ற கிரேக்கக் குடும்பப்பெயர் எங்கிருந்து வந்தது? உலகில் எத்தனை பேருக்கு அந்தப் பெயர் இருக்கிறது?

உங்கள் கேள்வியின் விவரத்தில் மூன்று விஷயம் இருக்கிறது. உங்களுடன் வேலை பார்க்கும் கிரேக்கர் ஒருவரின் குடும்பப்பெயர் கவாஃபிஸ். ஒரு தளம் அது துருக்கியப் பெயர் என்கிறது, அவரோ தலைமுறை தலைமுறையாகக் கிரேக்கர் என்கிறார். "உலகில் இத்தனை பேர்" என்று ஒரு தளம் ஓர் எண்ணைக் காட்டுகிறது, இன்னொன்று அதில் பாதியைக் காட்டுகிறது. யார் சொல்வது சரி என்று கேட்கிறீர்கள்.

பெயரைப் பொறுத்தவரை இருவர் சொல்வதும் சரி. எண்ணைப் பொறுத்தவரை இரண்டு தளங்களையும் நம்பாதீர்கள்.

துருக்கிய மொழியில் கவாஃப் என்றால் செருப்புக் கடைக்காரர். காலுக்கு அளவெடுத்துத் தைத்துத் தருபவர் வேறு. கவாஃப் என்பவர் மொத்தமாகத் தைத்து அடுக்கிய மலிவு ரெடிமேட் சரக்கை விற்பவர். ஏனோதானோவென்று செய்து தள்ளிய எதையும் துருக்கியில் 'கவாஃப் வேலை' என்று சொல்வதுண்டு. இஸ்தான்புல்லின் பெரிய மூடுசந்தைக்குள் கவாஃப்லர் தெரு என்றே ஒன்று இருக்கிறது. 'லர்' பன்மை விகுதி. சொல்லின் அடிவேர் அரபி. குஃப் என்றால் தோல் காலணி. ஒளு (தொழுகைக்கு முன் கைகால் கழுவுவது) செய்யும்போது குஃப் மீது மஸ்ஹு செய்வது (ஈரக்கையால் தடவுவது) பற்றித் தமிழ் முஸ்லிம் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் குஃப்பைச் செய்து விற்பவர் கஃபாஃப். துருக்கியர் வாயில் அது கவாஃப் ஆனது. கிரேக்கர்கள் ஆண்பால் 'இஸ்' விகுதியைச் சேர்த்துக் கவாஃபிஸ் ஆக்கிக்கொண்டார்கள்.

இதைச் சொன்னதும், "அப்படியானால் அவர்கள் மதம் மாறிய துருக்கியர்" என்று பின்னூட்டத்தில் ஒருவர் வருவார். முன்கூட்டியே பதில் சொல்லிவிடுகிறேன். கசாப்புக் கடைக்காரரை நாம் அரபியர் என்று நினைப்பதில்லை. கசாப்பு அரபிச் சொல்தான். துருக்கியில் அது கஸாப், கிரேக்கத்தில் கசாபிஸ் என்ற குடும்பப்பெயர். நம் சராப்புக் கடையின் சராப்பு அங்கே சராஃபிஸ். நம் அல்வா அங்கே ஹல்வாஸ், அதை விற்றவரின் வாரிசுகள் ஹல்வாட்சிஸ். உஸ்மானியப் பேரரசின் சந்தைகளில் தொழிலின் பெயர் துருக்கியில் இருந்தது, தொழில் செய்தவர் கிரேக்கராகவோ ஆர்மீனியராகவோ யூதராகவோ இருந்தார். பெயர் கடைத்தெருவின் மொழியைத்தான் காட்டும். காபியோடு முடிச்சுப் போடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: காபி துருக்கியில் கஹ்வே, அதை விற்றவர் கிரேக்கத்தில் கஃபெட்சிஸ். கவாஃபிஸ் அந்தக் குடும்பம் இல்லை.

தொழிற்பெயரில் ஒரு சிக்கல் உண்டு. செருப்புக் கடை ஊருக்கு ஊர் இருந்தது, பெயரும் ஊருக்கு ஊர் தனித்தனியே முளைத்திருக்கும். எனவே இரண்டு கவாஃபிஸ்கள் சந்தித்தால் பங்காளிகள் என்று எடுத்துக்கொள்ள முடியாது. துருக்கியிலும் கவாஃப் குடும்பப்பெயராக இருக்கிறது. 2009 முதல் 2011 வரை அங்கே அமைச்சராக இருந்த செல்மா அலியே கவாஃப் ஓர் உதாரணம். துருக்கியில் எல்லாரும் குடும்பப்பெயர் வைத்தாக வேண்டும் என்ற சட்டமே 1934-இல்தான் வந்தது. அந்தக் கவாஃப்களைக் கிரேக்கக் கவாஃபிஸ்களோடு ஒரே பட்டியலில் கொட்டிக் கூட்டும் தளங்கள் உண்டு. கூடாது.

கிரேக்கக் குடும்பப்பெயரைப் பார்த்ததும் ஊரைச் சொல்லும் வித்தை ஒன்று இருக்கிறது. விகுதியைப் பார்க்க வேண்டும். 'ஆகிஸ்' என்று முடிந்தால் பெரும்பாலும் கிரீட் தீவு, 'ஓபுலோஸ்' என்றால் பெலோபொனீஸ், 'இதிஸ்' என்றால் கருங்கடல் கரைப் போன்டஸ், 'ஆதோஸ்' என்றால் கெஃபலோனியா, 'ஆகோஸ்' அல்லது 'எயாஸ்' என்றால் மானி, 'ஓக்லு' என்றால் சிற்றாசியா. கசான்சாகிஸ் என்ற பெயரைப் பிரித்தால் முன்பாதி துருக்கியில் அண்டா செய்பவர், பின்பாதி கிரீட். ஆனால் இந்த வித்தை கவாஃபிஸிடம் பலிக்காது. அதில் இருப்பது வெறும் 'இஸ்', அது எந்த ஊருக்கும் சொந்தமில்லை. இந்தப் பெயரை வைத்து "இன்ன தீவு" என்று அடித்துச் சொல்லும் தளம் கதை விடுகிறது. அதே தளம் குடும்ப முத்திரைச் சின்னம் போட்ட காகிதச்சுருளும் விற்கும். வெனிஸ் ஆண்ட அயோனியத் தீவுகளின் பிரபுக் குடும்பங்களைத் தள்ளிவிட்டால் சாதாரணக் கிரேக்கக் குடும்பங்களுக்கு அப்படிச் சின்னமே கிடையாது. காசைக் கொடுக்காதீர்கள்.

இனி எண்ணிக்கை. இதில் தவறு நடக்கும் முதல் இடம் பெண்கள். கிரேக்கத்தில் பெண்ணின் குடும்பப்பெயர் ஆறாம் வேற்றுமையில் வரும். அண்ணன் கவாஃபிஸ், தங்கை கவாஃபி. அண்ணன் பாபடோபுலோஸ், தங்கை பாபடோபுலு. இந்த இலக்கணம் தெரியாத நிரல் ஒரே வீட்டை இரண்டு பெயராகப் பிரித்து, இரண்டையும் அரிய பெயர் என்று காட்டும். நீங்கள் பார்த்த 'பாதி' இப்படி வந்திருக்கத்தான் வாய்ப்பு அதிகம். இதில் இன்னொரு நுணுக்கம்: 1983-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு கிரேக்கப் பெண்கள் திருமணமானாலும் பிறந்த வீட்டுப் பெயரிலேயே இருக்கிறார்கள். அதற்கு முன் மணமானவர்கள் கணவர் வீட்டுப் பெயருக்கு மாறினார்கள். ஆகவே மூத்த தலைமுறையின் 'கவாஃபி' மருமகளாக இருக்கலாம், இளைய தலைமுறையின் 'கவாஃபி' மகள்தான். இரண்டையும் கலந்து எண்ணினால் வம்சக் கணக்கு கெடும்.

இரண்டாவது இடம் லத்தீன் எழுத்து. இப்போதைய கிரேக்கத் தரமுறைப்படி கவாஃபிஸ் 'கே'யில் தொடங்கி, 'வி', 'எஃப்' வந்து, 'ஐ எஸ்' என்று முடியும். பழைய ஆவணங்கள் அப்படி இல்லை. முதல் எழுத்து 'கே' அல்லது 'சி'. நடுவில் 'வி', அல்லது பழைய பண்டிதர் வழக்கில் 'பி' (b). அடுத்து 'எஃப்' அல்லது 'பி ஹெச்' (ph). கடைசியில் 'ஐ எஸ்', 'இ எஸ்', வெறும் 'ஐ', அல்லது 'ஒய்'. பெருக்கிப் பாருங்கள்: 2 × 2 × 2 × 4, மொத்தம் 32 வடிவங்கள். தேடும்போது மாறும் இடங்களில் நட்சத்திரக் குறி போட்டு 32-யும் தேடி, ஒரே ஆள் இரண்டு வடிவத்தில் இருந்தால் தகப்பன் பெயரையும் பிறந்த ஆண்டையும் வைத்து ஒன்றாக்குங்கள். தகப்பன் பெயர் மட்டும் போதாது. மூத்த மகனுக்குத் தாத்தா பெயர் வைப்பது நம்மைப் போலவே அங்கும் வழக்கம் என்பதால், ஒரே தாத்தாவின் பேரன்கள் நாலு பேர் ஒரே பெயரில் இருப்பார்கள், அவர்கள் பிள்ளைகளின் தகப்பன் பெயரும் ஒன்றாகவே இருக்கும்.

அடுத்தது எண் எங்கிருந்து வருகிறது என்பது. கிரேக்கப் புள்ளியியல் அமைப்பின் 2021 கணக்கெடுப்பு நிரந்தர மக்கள்தொகையை 1,04,82,487 என்று தருகிறது. வயது, பால், ஊர் வாரியாக எல்லாம் வரும், குடும்பப்பெயர் வாரியாக வராது. எனவே தளங்கள் தொலைபேசி விவரப்புத்தகம் போன்ற பட்டியல்களிலிருந்து ஊகிக்கின்றன. தரைவழி இணைப்பு வீட்டுக்கு ஒன்று, பெரும்பாலும் குடும்பத் தலைவர் பெயரில். கைபேசி மட்டும் வைத்திருக்கும் இளைஞர்கள் அதில் இல்லை. இந்தக் குறையைச் சரிக்கட்ட ஒரு பெருக்கல் போடுகிறார்கள். பாபடோபுலோஸ் போலத் தெருவுக்கு நாலு பேர் இருக்கும் பெயருக்கு அந்தப் பெருக்கல் ஓரளவு பொருந்தும். அரிய பெயரில் அது எப்படிச் சறுக்குகிறது என்று ஒரு கணக்கு போட்டுக் காட்டுகிறேன். பத்தில் ஒருவரைப் பிடிக்கும் மாதிரியில் மூன்று பேர் சிக்குகிறார்கள் என்று வையுங்கள். தளம் 30 என்று போடும். 95 சதவீத நம்பிக்கை எல்லையோடு (நூறில் 95 முறை சரியாக வரும் வரம்போடு) பார்த்தால் உண்மை எண் சுமார் 6-இலிருந்து 88 வரை எதுவாகவும் இருக்கலாம். தளமோ எல்லையைச் சொல்லாமல் முப்பதை மட்டும் அச்சடிக்கும். அடுத்த ஆண்டு மாதிரியில் ஒருவர் கூடுதலாகச் சிக்கினால் "மூன்றில் ஒரு பங்கு வளர்ச்சி" என்று வரைபடமும் போடும்.

அமெரிக்க எண்ணைப் பார்க்கும்போது இன்னொரு எச்சரிக்கை. அங்கே கணக்கெடுப்புத் துறையே குடும்பப்பெயர்க் கோப்பு வெளியிடுகிறது. 2010 கோப்பில் 1,62,253 பெயர்கள். ஆனால் 100 பேருக்காவது உள்ள பெயர்தான் அதில் ஏறும். அங்கே இல்லாத கிரேக்கப் பெயருக்கு "அமெரிக்காவில் பூஜ்யம்" என்று எழுதக்கூடாது, "100-க்குக் கீழ்" என்றுதான் எழுத வேண்டும். நியூயார்க்கில் குடியேறிகளைச் சோதித்த எல்லிஸ் தீவு அதிகாரிகள் பெயரை வெட்டிச் சுருக்கினார்கள் என்பதையும் நம்பாதீர்கள். அவர்கள் கப்பல் நிறுவனம் எழுதிக் கொண்டுவந்த பயணிகள் பட்டியலை வைத்துத்தான் சரிபார்த்தார்கள். சுருக்கிக்கொண்டவர்கள் பிறகு தாங்களே சுருக்கிக்கொண்டார்கள். அமெரிக்கத் துணை அதிபராக இருந்த ஸ்பைரோ ஆக்னியூவின் தந்தை பிறப்பில் அனக்னோஸ்தோபுலோஸ்.

கேள்விக்கு வெளியே போகிறேன், மன்னிக்கவும். இதே தளங்களில் தமிழ்நாட்டைத் திறந்து பாருங்கள். முருகன், செல்வம் எல்லாம் "பரவலான குடும்பப்பெயர்கள்". கடவுச்சீட்டுப் படிவம் குடும்பப்பெயர் கேட்கிறது, நம்மிடம் அப்படி ஒன்று இல்லை, அப்பா பெயரை எழுதுகிறோம். வெளிநாட்டுப் பட்டியலில் அது வம்சப் பெயராக ஏறுகிறது, அடுத்த தலைமுறையில் மறைந்துவிடுகிறது. நம் பெயரையே புரிந்துகொள்ளாத நிரல் கிரேக்கனின் ஆறாம் வேற்றுமையைப் புரிந்துகொள்ளும் என்று எப்படி நம்புவது?

சரி, கவாஃபிஸுக்குத் திரும்புவோம். இந்தப் பெயரை உலகம் அறிந்தது ஒரே ஆளால். அலெக்சாந்திரியாவில் 1863-இல் பிறந்து 1933-இல் அங்கேயே இறந்த கவிஞர் கவாஃபிஸ், ஆங்கில எழுத்தில் கவாஃபி. பெற்றோர் கான்ஸ்டான்டினோபிள்காரர்கள், அதாவது இன்றைய இஸ்தான்புல். குடும்ப நிறுவனத்துக்கு லிவர்பூல், மான்செஸ்டர், லண்டன் நகரங்களில் வணிகம். அந்த இங்கிலாந்துத் தொடர்பில்தான் 'சி'யில் தொடங்கி 'ஒய்'யில் முடியும் எழுத்து வந்தது. ஆகவே 19-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்துக் கணக்கெடுப்புகளில் 'கே' போட்டுத் தேடினால் அவர்கள் கிடைக்க மாட்டார்கள். கவிஞர் தன் குடும்ப வம்சாவளியைத் தானே எழுதி வைத்திருக்கிறார். அவருடைய ஆவணங்களை 2012-இல் ஒனாசிஸ் அறக்கட்டளை வாங்கி, பிறகு இணையத்தில் திறந்துவிட்டது. உங்கள் நண்பர் அந்தக் கிளையா என்று சோதிக்க அதுதான் முதல் இடம். கவிஞருக்கு நேர் வாரிசு இல்லை என்பதால் "அவருடைய கொள்ளுப்பேரன்" என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகரலாம். அரிய பெயர்கள் இப்படித்தான் அற்றுப்போகின்றன. ஒரு தலைமுறையில் ஆண்பிள்ளை இல்லையென்றால் மக்கள்தொகை கூடினாலும் பெயர் போய்விடும். 1870-களில் இங்கிலாந்து அறிஞர்கள் கால்டனும் வாட்சனும் கணக்கு போட்டது இதைத்தான்.

நண்பர் தன் குடும்பத்தை உண்மையாகவே தேட விரும்பினால், ஏதென்ஸில் வசிப்பதால் ஏதென்ஸில் தேட வேண்டாம் என்று சொல்லுங்கள். கிரேக்கக் குடிமகன் பெயர் ஏதாவது ஒரு நகராட்சியின் குடும்பப் பதிவேட்டில் ஏறியிருக்கும், அது பெரும்பாலும் தாத்தாவின் ஊர். குடும்பநிலைச் சான்றிதழில் அந்த நகராட்சியின் பெயரும் குடும்பப் பதிவு எண்ணும் இருக்கும். அதை வைத்துக்கொண்டு அதே நகராட்சியில் ஆண்கள் பதிவேட்டைக் கேட்க வேண்டும். ராணுவ ஆள்சேர்ப்புக்காக வைத்த ஏடு அது. ஆணின் பிறந்த ஆண்டும் தகப்பன் பெயரும் கிடைக்கும், 19-ஆம் நூற்றாண்டு வரை பின்னால் போகலாம். பெண்கள் அதில் இல்லை. அதற்கும் முந்தியதற்கு, 1914-இல் நிறுவப்பட்ட பொது அரசு ஆவணக்காப்பகத்தின் மாவட்டக் கிளையில் பழைய வாக்காளர் பட்டியல்கள் இருக்கின்றன.

இங்கே கால் இடறும் இடங்கள் இரண்டு. ஊர்ப் பெயர் மாறியிருக்கும்: துருக்கிய, ஸ்லாவிய ஒலியுள்ள ஊர்ப் பெயர்களை 20-ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் கொத்துக் கொத்தாக மாற்றினார்கள். நகராட்சியும் மாறியிருக்கும்: 2011 தொடக்கத்தில் 1,034 உள்ளாட்சிகளைச் சேர்த்து 325 ஆக்கினார்கள், கிராமத்து ஏடு இப்போது பெரிய நகராட்சியின் அலமாரியில். எனவே விண்ணப்பத்தில் பழைய ஊர்ப் பெயர், புதிய ஊர்ப் பெயர், இப்போதைய நகராட்சி மூன்றையும் எழுதச் சொல்லுங்கள். உறவினர் அல்லாத நீங்கள் எழுதினால் தரமாட்டார்கள், அவரே எழுத வேண்டும்.

குடும்பம் கான்ஸ்டான்டினோபிளிலிருந்து வந்தது என்றால் கிரேக்கமும் துருக்கியும் செய்துகொண்ட 1923 மக்கள் பரிமாற்ற ஏடுகளைப் புரட்டி நேரத்தை வீணாக்காதீர்கள். 1918 அக்டோபர் 30-க்கு முன் அந்த நகரில் குடியிருந்த கிரேக்கர்களுக்கு அந்த உடன்படிக்கையே விலக்கு கொடுத்தது. அவர்கள் கூட்டமாக வெளியேறியது அங்கே கிரேக்கர்களுக்கு எதிராக நடந்த 1955 கலவரத்துக்கும் 1964 வெளியேற்றத்துக்கும் பிறகு. எகிப்துக் கிளை என்றால் அலெக்சாந்திரியாவில் 1843-இல் தொடங்கிய கிரேக்கச் சமூக அமைப்புக்கும் அங்குள்ள கிரேக்க ஆர்த்தடாக்ஸ் தலைமை மடத்துக்கும் எழுத வேண்டும். கடிதத்தில் பெயரைக் கிரேக்க எழுத்தில் ஒரு முறையும் 'சி' போட்ட லத்தீன் எழுத்தில் ஒரு முறையும் எழுதச் சொல்லுங்கள்.