பைத்தான் லிஸ்ட்: நகலும் தலைகீழும்

கேள்வி: பழங்கள் = ["மா", "பலா", "வாழை"] என்று ஒரு லிஸ்ட். நகல் = பழங்கள் என்று எழுதிவிட்டு, நகலில் "கொய்யா"வைச் சேர்த்தேன். மூல லிஸ்டிலும் கொய்யா வந்து உட்கார்ந்திருக்கிறது. ஏன் ஐயா?

பதில்: நீங்கள் நகல் எடுக்கவே இல்லை. ஒரே வீட்டுக்கு இரண்டாவது பெயர்ப்பலகை மாட்டியிருக்கிறீர்கள். பைத்தான் நிரல்மொழியில் சமக்குறி எதையும் நகலெடுப்பதில்லை. பெயரை ஒட்டுவதோடு அதன் வேலை முடிந்தது. நகல் = பழங்கள்[:] என்று எழுதுங்கள். பைத்தான் 3.3 முதல் லிஸ்டுக்கே காப்பி (copy) என்ற மெத்தட், அதாவது லிஸ்டோடு சேர்ந்தே வரும் செயற்கூறு, உண்டு. படிப்பவருக்கு நோக்கம் சட்டென்று தெரியும் என்பதால் நான் அதையே எழுதுகிறேன். (மாறிகளுக்குத் தமிழில் பெயர் வைத்திருக்கிறீர்கள். பைத்தான் 3 தாராளமாக ஏற்கும், தொடருங்கள்.)

கேள்வி: நான் [:] போட்டுத்தான் நகலெடுத்தேன். மதிப்பெண் = [[45, 60], [72, 38]]. நகலில் 38-ஐ 40 ஆக்கினால் மூலத்திலும் 40 என்று வருகிறதே?

பதில்: கருணை மதிப்பெண் இரண்டு பதிவேட்டிலும் ஏறிவிட்டது! [:] தருவது மேலோட்டமான நகல். வெளி லிஸ்ட் மட்டும் புதிது. உள்ளே இருப்பவை அதே பழைய லிஸ்டுகள். நகல்[1] = [72, 40] என்று வரிசையையே மாற்றியிருந்தால் மூலம் தப்பித்திருக்கும். நகல்[1][1] = 40 என்று உள்ளே கைவைத்ததால் வந்த வினை இது. காப்பி மாட்யூலில் உள்ள டீப்காப்பி, உள் லிஸ்டுகளையும் புதிதாக ஆக்கித் தரும். எண்களும் சரங்களும் (எழுத்துத் தொடர்களும்) மட்டுமே உள்ள லிஸ்டுக்கு அது வீண் செலவு. அவற்றை உள்ளே புகுந்து மாற்ற யாராலும் முடியாது.

மூன்றுக்கு மூன்று கட்டம் போட எழுதும் [[0] * 3] * 3 என்பதிலும் இதே நோய் உண்டு. ஒரு விளையாட்டுக்காக அப்படி எழுதிவிட்டு, ஒரு கட்டத்தைத் தொட்டால் மூன்று வரிசையிலும் எண் மாறுவதை ஒரு மாலை முழுவதும் வெறித்துப் பார்த்திருக்கிறேன். மூன்றும் ஒரே வரிசைதான் என்பது இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகே உறைத்தது.

கேள்வி: ரிவர்ஸ் மெத்தடை அழைத்து, விடையைத் தலைகீழ் என்ற மாறியில் வைத்தேன். அச்சிட்டால் 'நன்' (None, 'எதுவும் இல்லை') என்கிறது. லிஸ்ட் எங்கே போனது?

பதில்: எங்கும் போகவில்லை, நீங்கள் தேடிய இடம்தான் தவறு. ரிவர்ஸ், இருக்கும் லிஸ்டையே இருந்த இடத்தில் புரட்டிப்போடும். புதிய லிஸ்ட் கிடைத்துவிட்டதாக நீங்கள் ஏமாறக் கூடாது என்பதற்காகவே அது வேண்டுமென்று நன் தருகிறது. வரிசைப்படுத்தும் சார்ட் மெத்தடும் அப்படியே. மூலம் கலையாமல் வேண்டுமென்றால் பழங்கள்[::-1] என்று எழுதுங்கள், புரட்டிய புதிய லிஸ்ட் கிடைக்கும்.

கேள்வி: அப்படியானால் ரிவர்ஸ்டு (reversed) என்று தனியாக ஒரு செயற்கூறு இருக்கிறதே, அது எதற்கு?

பதில்: கடைசியிலிருந்து முன்னோக்கி ஒருமுறை நடந்து வர. நகல் கிடையாது. பத்து லட்சம் உறுப்புகள் கொண்ட லிஸ்டில் [::-1] போட்டால், 64 பிட் கணினியில் சுட்டிகளுக்கு (உறுப்புகள் இருக்கும் இடத்தைக் காட்டும் முகவரிகளுக்கு) மட்டுமே சுமார் 8 எம்பி நினைவகம் போகும். ரிவர்ஸ்டுக்கு அந்தச் செலவு இல்லை. ஆனால் ஒருமுறை ஓடித் தீர்ந்தால் தீர்ந்ததுதான். நீளம் கேட்டாலும் பிழை காட்டும்.

கேள்வி: மாலைமாற்றுச் சொற்களை (எந்தப் பக்கம் இருந்து படித்தாலும் ஒன்றாக வருபவற்றை) கண்டுபிடிக்க நிரல் எழுதினேன். சொல்லை [::-1] போட்டு ஒப்பிட்டால், 'விகடகவி' மாலைமாற்று இல்லை என்கிறது!

பதில்: நமக்கு அது வி, க, ட, க, வி என்று ஐந்து எழுத்து. பைத்தானுக்கோ ஏழு யூனிகோடு குறியீடு: 'வி' ஒவ்வொன்றும் வ தனி, இகரக் கொக்கி தனி. புரட்டும்போது கடைசிக் கொக்கி முதலில் வந்து அந்தரத்தில் நிற்கிறது. இன்னொன்று க-வில் மாட்டிக் 'கி' ஆகிவிடுகிறது. முதலில் எழுத்துகளாகப் பிரியுங்கள். ஓப்பன்-தமிழ் நூலகத்தில் அதற்கென்றே செயற்கூறு இருக்கிறது. கிடைக்கும் ["வி", "க", "ட", "க", "வி"] என்ற லிஸ்டைப் புரட்டி ஒப்பிட்டால் விகடகவி தேறிவிடுவான்.