கரவலையில் வந்த, வாய் நீளும் அந்த வெள்ளி மீன் காரல்தான்

முல்லைத்தீவுக் கரையில் கரவலை (கடலில் வளைத்துப் போட்டுக் கரையிலிருந்து இழுக்கும் பெரிய வலை) இழுக்கிற இடத்தில் கண்ட மீனைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். உள்ளங்கைக்குள் அடங்குகிற தட்டை உடம்பு, வெள்ளி நிறம், பிடித்தால் கையெல்லாம் வழுவழுப்பு, வாயை மெல்ல இழுத்தால் குழாய்போல நீளுது, மடி (வலையின் நடுவில் மீன் சேரும் பை) நிறைய ஒன்றாகவே வந்தது என்கிறீர்கள். அது காரல். வேறு சந்தேகமே வேண்டாம்.

சின்னப் பாரைக்குஞ்சும் பார்வைக்குக் கிட்டத்தட்ட இப்படித்தான் இருக்கும். ஆனால் பாரையின் வாலடியில் விரலை ஓட்டினால் சொரசொரவென்று கடினச் செதில் தட்டுப்படும். காரலில் அது கிடையாது. பாரைக்கு முதுகுச் செட்டை இரண்டாகப் பிரிந்திருக்கும், காரலுக்கு ஒரே செட்டை. செதில் பெரிதாகக் கண்ணுக்குத் தெரிந்தாலும் அது காரல் இல்லை.

காரல் என்று நாங்கள் ஒரே குவியலாகப் போடுவதற்குள் பல இனங்கள் இருக்கின்றன. அவற்றைப் பிரித்தறிய வாயைத்தான் பார்க்க வேண்டும், ஏனென்றால் மீன் எங்கே என்ன தின்கிறது என்பதை வாய் சொல்லிவிடும். இழுத்தால் கீழ்நோக்கி நீளுகிற வாய் என்றால் அது சேற்றிலும் மணலிலும் புழு, சின்ன இறால்வகை பொறுக்குகிற இனம். மேல்நோக்கி நீண்டால், தண்ணீரில் மிதக்கிற சின்னஞ்சிறு உயிர்களை உறிஞ்சித் தின்பது. நேரே முன்னால் நீண்டு, உள்ளே கோரைப்பல்லும் தெரிந்தால் அது சின்ன மீன்களையே பிடித்துத் தின்கிற இனம். ஒரே மடியில் மூன்றையும் காணலாம், அடுத்தமுறை பத்துப் பதினைந்தை எடுத்து வாயை இழுத்துப் பாருங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லத்தான் வேண்டும். காரல் வெளிச்சம் தருகிற மீன்! அதன் உணவுக்குழாயைச் சுற்றி வளையம்போல ஓர் உறுப்பு இருக்கிறது. அதற்குள் ஒளிவிடும் பக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. குஞ்சு பொரிக்கும்போது அவை மீனிடம் இருப்பதில்லை, பிறகுதான் கடல்நீரிலிருந்து வந்து சேர்கின்றன. அந்த வெளிச்சம் காற்றுப்பையில் பட்டுத் தெறித்து வயிற்றுப்பக்கமாக மங்கலாகக் கசியும். மேலேயிருந்து வருகிற வெளிச்சத்தோடு அது கலந்துவிடுவதால், கீழேயிருந்து பார்க்கிற பெரிய மீனுக்குக் காரலின் நிழல் தெரியாது. சில இனங்களில் ஆணுக்கு இந்த உறுப்பு பெண்ணைவிடப் பெரிது. இணையைக் கூப்பிட மின்னி மின்னிக் காட்டும் என்று கருதுகிறார்கள். இவ்வளவும் வைத்திருக்கிற மீனைத்தான் கழிவு என்று மணலில் கொட்டிக் காகத்துக்கு விடுகிறார்கள். எனக்கு அது தாங்காது.

கரையோரத்து ஆழமில்லாத சேற்றுத்தரைதான் இதன் இடம், கூட்டத்தை விட்டுத் தனியே திரியாது. மாரி வெள்ளத்தில் வட்டுவாகல், நாயாறு, கொக்கிளாய் முகத்துவாரங்கள் திறக்கும்போது குஞ்சுகள் களப்புக்குள் (கடலோடு சேரும் உப்புநீர்த் தேக்கம்) ஏறி, கண்டல் மரங்களின் ஓரங்களில் வளரும். அந்த நேரம் களப்புக்குள் சின்னக் கண் வலை போடுவதை நான் ஒருபோதும் சரி என்று சொல்லமாட்டேன். காரல் குஞ்சு மட்டுமில்லை, இறால் குஞ்சும் பாரைக் குஞ்சும் அதே வலையில்தான் அள்ளுப்படும். காரல் குறைந்தால் அதைத் தின்று வளர்கிற பெரிய மீனும் கரைக்கு வராது.

சாப்பிடலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். தாராளமாக. கல்லுப்பு போட்டு உரசி வழுவழுப்புப் போகக் கழுவுங்கள், குடலை எடுத்துவிட்டு முழுதாகவே பச்சைமிளகாய், வெந்தயம், தேங்காய்ப்பால் விட்டுச் சொதி வையுங்கள், இறக்கியபின் தேசிக்காய்ப் புளி. முள் அதிகம், சின்னப்பிள்ளைகளுக்குச் சொதியை மட்டும் வடித்துக் கொடுங்கள். தட்டை மீன் என்பதால் நல்ல வெயிலில் கெதியாகக் காயும், கருவாட்டுக்கும் உகந்தது.

எந்த இனம் என்று சரியாக அறிய வேண்டுமென்றால், வாயை இழுத்துப் பிடித்தபடி பக்கவாட்டில் ஒரு படமும், முதுகுச் செட்டையை விரித்து ஒரு படமும் போடுங்கள். செட்டையின் நுனியில் கறுப்புத் திட்டு இருக்கிறதா என்பதையும் எழுதுங்கள்.