தலைமுடியைப் பார்த்து லித்தியம் குறைவு என்று சொல்ல முடியுமா?

கேள்வி: எனக்கு வயது 58. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுக்கிறேன். என் அம்மாவுக்கு மறதிநோய் இருந்தது. தலைமுடியைப் பரிசோதித்த ஒரு நிறுவனம், எனக்கு லித்தியம் குறைவு என்று சொல்லி, லித்தியம் ஓரோடேட் மாத்திரையையும் தானே விற்கிறது. வாங்கிச் சாப்பிடலாமா?

பதில்: வேண்டாம்.

குறைவு என்றால் எதைவிடக் குறைவு? லித்தியம் என்ற தனிமம் மண்ணிலும் தண்ணீரிலும் இருக்கிறது; ஓரோடேட், கார்பனேட் என்பவை அதன் உப்பு வடிவங்கள். தானியம், காய்கறி வழியாகத் துளித்துளியாக உடலுக்குள் வருகிறது. ஒருவருக்குத் தினமும் இவ்வளவு தேவை என்று எந்த அரசு சுகாதார அமைப்பும் வரையறுக்கவில்லை. 2002-ல் ஷ்ராவுசர் என்ற ஆய்வாளர் 70 கிலோ எடையுள்ளவருக்கு 1 மில்லிகிராம் என்று முன்வைத்தது அவருடைய யோசனை மட்டுமே. தலைமுடியில் ஷாம்பு, சாயம், குளிக்கும் தண்ணீர் எல்லாம் ஒட்டியிருக்கும். பரிசோதிப்பவரே மருந்தும் விற்றால், ரிப்போர்ட்டில் ஏதாவது ஒரு சத்து குறைவாகத்தான் வரும். ‘உணவுச் சத்து’ என்று லேபிள் ஒட்டிவிட்டால், பலன் தருகிறதா என்று நிரூபிக்காமலேயே விற்கப் பல நாடுகளில் சட்டம் இடம் தருகிறது. இதைப் பல வருடங்களாகச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது.

உங்கள் ஆசைக்கு அடிப்படையே இல்லை என்று சொல்லமாட்டேன். குடிநீரில் லித்தியம் சற்று அதிகமுள்ள பகுதிகளில் தற்கொலை குறைவு என்று டெக்சாஸ், ஜப்பானின் ஓய்ட்டா, ஆஸ்திரியா ஆய்வுகள் காட்டின. மறதிநோயின் ஒரு வகையான அல்சைமர் வந்தவர்களின் மூளையில் லித்தியம் குறைந்திருப்பதை 2025-ல் ஹார்வர்டு குழு கண்டது. சிறிதளவு ஓரோடேட் கொடுத்தபோது நினைவாற்றல் மீண்டது. ஆனால் மீண்டது எலிகளுக்கு. அவர்கள் அளந்ததும் மூளைத் திசுவை, முடியை அல்ல.

இனி உங்கள் ரத்த அழுத்த மாத்திரை. சிறுநீரகம் லித்தியத்தைச் சோடியம் போலவே கையாளும். தயாசைடு வகை நீர் மாத்திரை, ‘பிரில்’, ‘சார்ட்டன்’ என்று பெயர் முடியும் மாத்திரைகள், ஐபுபுரோஃபென் போன்ற வலிநிவாரணிகள் எல்லாமே லித்தியம் வெளியேறுவதைக் குறைக்கும்; அது உடலில் தங்கிச் சேரும். 1949-ல் அமெரிக்காவில் உப்பைத் தவிர்க்க வேண்டிய நோயாளிகளுக்கு, மாற்று உப்பு என்று லித்தியம் குளோரைடு விற்றார்கள். பலருக்கு நஞ்சேறியது, சிலர் இறந்தார்கள். உங்களிடம் விற்கும் மாத்திரையில் அளவு அதைவிட மிகக் குறைவு, உண்மை. ஆனால் வருடக்கணக்கில் விழுங்கும்போது அதை யார் கண்காணிப்பார்கள்?

லேபிளையும் கவனியுங்கள். 130 மில்லிகிராம் ஓரோடேட்டில் லித்தியம் சுமார் 5 மில்லிகிராம்தான். எந்த எண்ணைப் பெரிதாக அச்சிடுவது என்பது விற்பவரின் வசதி.

ஒரு தரப்பினருக்கு மட்டும் நான் சொன்னது பொருந்தாது. இருமுனைக் கோளாறுக்காக (பைபோலார்) மனநல மருத்துவர் எழுதித் தந்த லித்தியம் கார்பனேட்டைச் சாப்பிடுபவர்கள், இதைப் படித்துவிட்டு அதை நிறுத்தக் கூடாது. 300 மில்லிகிராம் கார்பனேட்டில் லித்தியம் சுமார் 56 மில்லிகிராம். ‘இயற்கையானது, மென்மையானது’ என்று யாராவது சொன்னதை நம்பி ஓரோடேட்டுக்கு மாறினால், கிடைப்பது அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. திடீரென்று நிறுத்தினால் நோய் வேகமாகத் திரும்பும்; தற்கொலை அபாயமும் கூடும். கார்பனேட்டோடு ஓரோடேட்டையும் சேர்த்துச் சாப்பிடவும் கூடாது, ரத்தத்தில் லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை இருக்க வேண்டிய லித்தியம் அளவு தவறிவிடும். சிறுநீரகம், தைராய்டு, ரத்தத்தில் லித்தியம் அளவு ஆகிய பரிசோதனைகளைத் தவறவிடாதீர்கள்.

உங்களுக்கு மறதி ஏதும் தெரிந்தால் வைட்டமின் பி12, தைராய்டு, காது கேட்கும் திறன் ஆகியவற்றைப் பாருங்கள். ரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் வையுங்கள். ஓரோடேட்டை ஏற்கெனவே தொடங்கியிருந்தால், நிறுத்திவிட்டு டப்பாவோடு உங்கள் மருத்துவரிடம் போய், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் பரிசோதனை கேளுங்கள்.